சீட்டுக் கிழிப்பவள் யேர்கோவுக்கு எழுதியது

யேர்கோ,
இருபத்தாறு வருடமாக
வல்பரைசோவின் இந்தக் குன்றில் ஏறி இறங்கும்
விஞ்ச் வண்டியில் சீட்டுக் கிழிக்கிறேன்.
தலைகளை எண்ணுவேன், அவ்வளவுதான்.
யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாய் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் நீ முகச்சவரம் செய்துகொண்டு
மேலே இறங்கி
உன் வீட்டுக்கு எதிர்த்திசையில் திரும்புவது
எனக்குத் தெரியும்.
தெரிந்ததை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

நீ பொழுதெல்லாம் விழுந்து கிடக்கும் அந்தப் பெரிய தளத்துக்கு
இந்தக் கூச்சம் கிடையாது.
எந்தப் படத்தின்மேல் உன் கட்டைவிரல்
எத்தனை நொடி தயங்கியது என்பதுவரை
அதன் நோட்டில் இருக்கிறது.
முழங்கால் வலிக்கிறதென்று எலியானாவிடம் மட்டும் சொன்னாய்.
மறுநாள் காலை
களிம்பு விற்கிறவன் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
"சும்மாதானே தருகிறார்கள்" என்று சிரித்தாய்.
சும்மா சோறு போடுகிறவன்
கவளத்தை எண்ணிக்கொண்டுதான் இருப்பான்.

அந்தப் பிப்ரவரி நினைவிருக்கிறதா,
யூகலிப்டஸ் தோப்பு பற்றிக்கொண்ட மாலை?
சுனில்தா தன் தகரக் கூரையில் நின்று எழுதினாள்:
படிக்கட்டில் தீ. மேல்வழியாக வாருங்கள். தண்ணீர் இல்லை.
ஞாயிறு ஆறேகால் மணி.
எனக்கு அது காட்டப்பட்டது
வியாழக்கிழமை.

இடையில் காட்டப்பட்டவை:
பியானோமேல் நடந்த ஒரு பூனை,
பள்ளித்தோழி எங்கோ தின்ற கேக்,
பாதி விலையில் மெத்தை.
ஆறு தடவை அந்த மெத்தை.

சுனில்தா பிழைத்தாள்.
நாய் குரைத்த குரைப்பில் ஓடி வந்த
பக்கத்துக் குன்றுப் பையன்களால் பிழைத்தாள்.
அவள் வரி எனக்கு வரவில்லை.
அதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நிபால்தோ
பேக்கரியில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால்
ஒரு பழைய கணினியை நிறுத்தினான்.
அதுதான் எங்கள் சர்வர்.
எழுபத்து மூன்று பேர் இருக்கிறோம்.
பக்கத்துக் குன்றுக்கு வேறொன்று,
பல் டாக்டர் வீட்டு மாடியில்.
அவர்கள் சட்டம் அவர்களுக்கு, எங்கள் சட்டம் எங்களுக்கு.
ஆனாலும் நான் எழுதினால் பள்ளத்தைத் தாண்டிப் போகிறது;
கடலையும் தாண்டி
திபிலிசியில் ஒரு இரவுநேர நர்ஸ்
என் மூடுபனிப் படங்களுக்குப் பதில் போடுகிறாள்.
எழுதிய வரிசையில் வருகிறது.
அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அதற்குத் தெரியாது.
பிறந்த தேதி கேட்கவில்லை.
நல்லதாயிற்று, எனக்கும் அந்தத் தேதி பிடிக்காது.

பொய் சொல்ல மாட்டேன்.
மின்சாரம் போனால் எங்கள் குன்றுக்கு வாயடைத்துப் போகும்.
மாதம் ஆளுக்கு இரண்டு ரொட்டியின் விலை.
போன மாதம் ஒருவன் பெண்களை வைது எழுதினான்;
அவனை வெளியேற்றுவதா என்று
மாவு அறையில் நின்றபடி மூன்று மணிநேரச் சண்டை.
ஒரு அடுப்பு ரொட்டி கருகிப்போனது.
இருந்தாலும் முடிவெடுத்தவர்கள் முகம் எனக்குத் தெரியும்.
உன் தளத்தில் யாருடைய கதவைத் தட்டிச் சண்டை போடுவாய்?

"எல்லாரும் அங்கேதானே இருக்கிறார்கள்" என்கிறாய்.
விரல்விட்டு எண்ணு.
உன் எல்லாரும் பதினொரு பேர்.
அதில் நாலு பேர் எப்போதோ இங்கே வந்தாயிற்று,
உனக்குத்தான் காட்டப்படவில்லை.

வந்து பார்.
பிடிக்காவிட்டால் உன் ஆட்களையும் அழைத்துக்கொண்டு
வேறு குன்றுக்குக் குடிபோகலாம்;
இந்தக் கதவு வெளிப்பக்கமும் திறக்கும்.
சுனில்தா இங்கே எழுதிய முதல் வரி:
தண்ணீர் வந்துவிட்டது.
அந்த நிமிடமே படித்தேன்,
கையில் கிழிக்காத சீட்டோடு.

சனிக்கிழமை மாலை மாவு அறைக்கு வா.
செவ்வாய் வேண்டாம்,
செவ்வாயில் உனக்கு வேறு வேலை இருக்கும்.
என்ன வேலை என்று
நான் கேட்கவில்லை.